குரோம்புக்கில் நிரல் எழுத மூன்று வழிகள்: எது யாருக்குப் பொருந்தும்?

கூகுளின் குரோம்ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினியான குரோம்புக்கில் மென்பொருள் உருவாக்க நினைப்பவர்களுக்கு இன்று மூன்று வழிகள் உள்ளன: குரோம்ஓஎஸ் அமைப்புகளிலேயே உள்ள லினக்ஸ் வசதி, பாதுகாப்புக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் டெவலப்பர் மோடுக்கு மாறி நிறுவும் க்ரூட்டான் (குரோம்ஓஎஸ்ஸோடு சேர்த்து லினக்ஸை ஓடவிடும் கருவி), தொலைவிலுள்ள கணினியில் இணையம் வழியாகச் செய்யும் வேலை.

முதல் வழி 2018-இல் அறிமுகமாகி, 2021-இல் வெளியான குரோம்ஓஎஸ் 91-இல் பீட்டா நிலையைக் கடந்தது. இதில் டெபியன் என்ற லினக்ஸ் வகை ஒரு கண்டெய்னருக்குள்ளும் (தனித்து அடைக்கப்பட்ட சூழல்), அந்தக் கண்டெய்னர் ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள்ளும் (மென்பொருளால் உருவான கணினி) இயங்குவதால், நாம் நிறுவும் தொகுப்பு எதுவும் தாய் இயங்குதளத்தைக் குலைத்துவிட முடியாது. கிட், பைத்தான், நோட் போன்ற நிரலாக்கக் கருவிகள் எல்லாம் மென்பொருள் நிறுவும் வழக்கமான ஏபிடி கட்டளையிலேயே வந்துவிடுகின்றன. லினக்ஸுக்குள் 8000-ஆம் போர்ட்டில் ஒரு சர்வரை ஓடவிட்டால், குரோமில் லோக்கல்ஹோஸ்ட் முகவரியைத் தட்டியதும் பக்கம் திறக்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். டவுன்லோட்ஸ் கோப்புறையை லினக்ஸுடன் பகிர்ந்து அதிலேயே புராஜெக்டை வைத்தால், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கையாளும் என்பிஎம் (நோட் தொகுப்புகளை நிறுவுவது) போன்ற கருவிகள் கண்கூடாகத் தடுமாறும். நிரலை லினக்ஸின் சொந்தக் கோப்புறையில் வைப்பதே நல்லது. 4 ஜிபி ரேமை மெய்நிகர் இயந்திரமும் உலாவியும் பங்கு போட்டுக்கொள்வதால், 8 ஜிபிக்குக் குறைவான கணினியை இதற்காக வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

க்ரூட்டானில் மெய்நிகர் இயந்திரம் இல்லாததால் சுமை குறைவு. வன்பொருளை நேரடியாக அணுகவும் முடியும். ஆனால் டெவலப்பர் மோடுக்கு மாறும்போதே கணினியிலுள்ள தரவு அழிக்கப்படுகிறது. தொடக்கத்தில் இயங்குதளத்தைச் சரிபார்க்கும் பாதுகாப்பும் போய்விடுகிறது. இவ்வளவு விலை கொடுக்கும் அளவுக்கு அதில் இன்று பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பெரிய சி++ புராஜெக்டைக் கம்பைல் செய்பவர்களுக்கும், 4 ஜிபி கணினியை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கும் மூன்றாம் வழியே ஏற்றது. உலாவியிலேயே நிரல் எழுத உதவும் கிட்ஹப் கோட்ஸ்பேசஸ் போன்ற சேவையிலோ, எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியே சொந்த சர்வரிலோ உழைப்பு முழுவதும் அங்கேயே நடப்பதால் மடிக்கணினி சூடேறுவதில்லை. இணையம் அறுந்தால் வேலையும் நின்றுவிடும் என்பதோடு, கோட்ஸ்பேசஸ் இயல்பமைப்பில் 30 நிமிடம் சும்மா இருந்தால் தானே நின்றுவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முதல் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள், லினக்ஸ் கோப்புகள் கூகுள் கணக்கோடு தாமாக ஒத்திசைவதில்லை என்பதை அறிந்திருக்க வேண்டும். கணினியைத் தொடக்க நிலைக்கே அழித்து மீட்கும் பவர்வாஷ் செய்வதற்கு முன் அமைப்புகளில் உள்ள பேக்கப் வசதியால் கண்டெய்னர் முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்து, வெளி டிரைவில் சேமித்துவிடுங்கள்.