அந்தக் குட்டிக் கலர் கமராவை ஓடர் போடுவதற்கு முன்

தீபாவளி முற்பணம் கைக்கு வருகிற காலத்தில் எங்கள் போன்களில் ஒரு விளம்பரம் விடாமல் ஓடும். உள்ளங்கைக்குள் அடங்குகிற இளஞ்சிவப்புக் கமரா. பட்டனை அழுத்தினால் மேல்பக்கத்திலிருந்து ஒரு கலர்ப் படம் வெளியே வரும், பிள்ளை ஒன்று துள்ளிக் குதிக்கும். “இங்க் தேவையில்லை, 48 மெகாபிக்சல், பொருள் கைக்கு வந்த பிறகு பணம்.” ஹட்டன், பொகவந்தலாவ, மஸ்கெலியா பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் இதைப் போட்டு “நல்லதா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்லதில்லை. வாங்கி, காசையும் இழந்து, அதற்கு மேலும் இழந்த வீடு எங்களுடையது. கமராவில் ஏமாந்த காசு ஒரு முறை போனது. அதோடு வந்த ஆப் வாரக்கணக்கில் காசு பிடுங்கியது.

இந்த மாதிரி விளையாட்டுச் சாமான்கள் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. போனில் மாட்டும் குட்டி லென்ஸ், புளூடூத் பட்டன், பழைய பிலிம் போலப் படம் தரும் ஆப் என்று எதையாவது நோண்டிக்கொண்டே இருப்போம். எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) படம் எடுப்பது என் அம்மா. கொழுந்து எடுப்பதிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு அதுதான் பொழுதுபோக்கு. பூப்புனித நீராட்டு, கோயில் திருவிழா, காமன் கூத்து எதுவானாலும் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நிற்பார். ஆனால் வயதானவர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று விடுவதில்லை. “கையில குடு அக்கா” என்பார்கள். ஒவ்வொன்றையும் டவுனுக்குக் கொண்டு போய் ஸ்டூடியோவில் கழுவிக்கொண்டு வருவது லேசான வேலையா? அதனால்தான் இந்தக் கமரா.

விலை 6,490 ரூபா, கூரியருக்கு 450. கூரியர் தம்பி மேல் டிவிஷனுக்கு வர மாட்டேன் என்று ஜங்ஷனுக்குக் கூப்பிட்டார். அது பழகிப்போன விஷயம், ஆட்டோவுக்குத் தனியாக அழ வேண்டும். அங்கே போனால் பெட்டியைத் திறந்து பார்க்க விடவில்லை. “காசு குடுத்துட்டுத் திறங்க அக்கா, எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கு.” ஆக, பொருள் கைக்கு வந்த பிறகு பணம் என்பதற்கு மூடிய பெட்டி கைக்கு வந்த பிறகு பணம் என்றுதான் அர்த்தம். பெட்டியின் மேல் விற்றவரின் முகவரி கிடையாது. ஒரு போன் நம்பரும் கூரியரின் எண்ணும் மட்டும். பில்லும் இல்லை.

திறந்து எடுத்த முதல் படமே கறுப்பு வெள்ளை. அம்மா கட்டியிருந்த பச்சைச் சேலை புள்ளி புள்ளியாகச் சாம்பல் நிறத்தில் வந்தது. கலர் எங்கே என்று வட்ஸ்அப்பில் கேட்டதற்கு, “கலர்ப் பேப்பர் தனியாக வாங்க வேண்டும்” என்று பதில். அதையும் வாங்கிப் பார்த்தவர்களிடம் விசாரித்தேன். வந்தது மஞ்சள் தாளும் ரோஸ் தாளும். அதன்மேல் அதே கறுப்புப் படம்!

உள்ளே இருப்பது கடையில் பில் அடிக்கிற அதே வெப்ப அச்சு இயந்திரம். தாளும் அதே பில் ரோல், 57 மில்லிமீற்றர் அகலம். தாளின் மேலே ஒரு ரசாயனப் பூச்சு இருக்கும், சூடு பட்ட இடம் கறுக்கும். இந்தக் குட்டி இயந்திரங்கள் பெரும்பாலும் ஒரு வரிக்கு 384 புள்ளிகள்தான் அடிக்கும், ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. இடையில் தெரியும் சாம்பல் நிறமெல்லாம் புள்ளிகளை நெருக்கியும் தள்ளியும் வைத்துச் செய்யும் கண்கட்டு. இதிலிருந்து கலர் வரவே வராது.

இங்க் இல்லாமல் கலர் அச்சு என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை, அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஜிங்க் என்ற தாளுக்குள்ளேயே மஞ்சள், சிவப்பு, நீலச் சாயங்கள் அடுக்கடுக்காக இருக்கும், வெவ்வேறு சூட்டில் வெவ்வேறு நிறம் எழும். ஆனால் அது பெரும்பாலும் வெட்டிய தனித்தனித் தாளாக வரும், விலையும் கூட. விளம்பரக்காரர்கள் அந்தப் படத்தைக் காட்டி இந்தச் சாமானை விற்கிறார்கள். வேறுபாடு கண்டுபிடிப்பது சுலபம். உள்ளே மலிவான ரோல் இருந்தால் கறுப்பு வெள்ளைதான், அவர்கள் எதைச் சொன்னாலும்.

சரி, கறுப்பு வெள்ளையென்றாலும் கையில் கொடுக்கலாமே என்று அம்மா விடாமல் அடித்துக் கொடுத்தார். நல்ல படங்களை எடுத்துப் பழைய கல்யாண அல்பத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். சில வாரத்தில் முகமெல்லாம் மங்கிவிட்டது. வெப்பத் தாளுக்குச் சில பிளாஸ்டிக் உறைகள் ஆகாது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் தாளில் இறங்கி எழுத்தையும் படத்தையும் அழித்துவிடும். எண்ணெய்க் கையும் வெயிலும் அதே வேலையைச் செய்யும். பக்கத்து வீட்டுச் சின்னம்மா தன் படத்தை அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தார், அது முழுக்கக் கறுத்துப்போனது. இன்னொன்று, இந்தக் கமராவைச் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று விற்கிறார்கள். வெப்பத் தாளின் பூச்சில் பிஸ்பீனோல் வகை ரசாயனம் இருப்பது வழக்கம். அதில் ஒன்றான பிஸ்பீனோல் ஏயை (பிபிஏ) இந்த மாதிரித் தாளில் ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரியிலிருந்து ஏறக்குறையத் தடையே செய்துவிட்டது. வாயில் வைத்துச் சப்பும் வயதுப் பிள்ளைகளிடம் ரோலைக் கொடுக்காதீர்கள்.

48 மெகாபிக்சலைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. மெமரி அட்டையில் சேர்ந்த படம் 8000க்கு 6000 என்ற அளவில்தான் இருந்தது, கணக்குச் சரி. ஆனால் கொழுந்து மடுவத்தின் பலகையை எடுத்துப் பெரிதாக்கினால் ஓர் எழுத்தும் வாசிக்க முடியவில்லை. அதே இடத்தில் நின்று என் பழைய போனில் எடுத்ததில் எல்லா எழுத்தும் தெரிந்தது. சின்ன சென்சரில் எடுத்த படத்தை மென்பொருளால் ஊதிப் பெருப்பித்து எண்ணிக்கையைக் காட்டுகிறார்கள். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் அந்தக் கமராவில் எடுத்த ஒரு படத்தை வட்ஸ்அப்பில் டொகியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப்பே சுருக்கிவிடும், அப்புறம் அதன்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கலாம்.

இனி ஆப். போனில் இருக்கும் படத்தையும் இதில் அச்சிடலாம் என்பதுதான் அம்மாவுக்குப் பெரிய கவர்ச்சி. அதற்குப் பெட்டியில் ஒரு கியூஆர் குறி. ஸ்கேன் செய்தால் பிளே ஸ்டோருக்குப் போகவில்லை, நேராக ஓர் ஏபிகே கோப்பு (ஸ்டோருக்கு வெளியே இருந்து ஆப்பை நிறுவும் கோப்பு) இறங்கியது. கூடவே இருந்த தாளில், போன் எச்சரித்தால் பொருட்படுத்த வேண்டாம், தீங்கான ஆப்களைப் பிடிக்கும் கூகுளின் பிளே புரொடெக்டை அணைத்துவிட்டுப் போடவும் என்று படம் போட்டு விளக்கியிருந்தது. வேறு வழி எதுவும் தரப்படவில்லை. நிறுவியதும் எஸ்எம்எஸ், தொடர்பு எண்கள், அழைப்பு, அறிவிப்புகள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டது. ஒன்றை மறுத்தாலும் அச்சிட விடாது.

ஓர் அச்சுக் கருவிக்கு உண்மையில் என்ன தேவை? படம் வேண்டும், புளூடூத் வேண்டும். அண்ட்ரொய்ட் 12க்கு முந்திய போன் என்றால் புளூடூத் கருவியைத் தேடுவதற்கே இருப்பிட அனுமதி கேட்கும், அது போனின் அமைப்பு அப்படி. 12லிருந்து ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்று தனியாக வந்துவிட்டது. புதிய போன்களில் முழு கலரியையும் திறந்துவிடாமல் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் கொடுக்கவும் முடியும். எஸ்எம்எஸ் வாசிக்க அச்சுக் கருவிக்கு ஒரு காரணமும் கிடையாது.

அப்படியும் அதைக் கேட்டது ஏன் என்பது அம்மாவின் ரீலோடில் தெரிந்தது. சாயங்காலம் 100 ரூபா போட்டால் காலையில் இருக்காது. டேட்டாதான் தின்கிறது என்று நினைத்து இன்னும் போட்டிருக்கிறார். நான் லீவில் போய் மெசேஜ்களைப் பார்த்தபோது குறுகிய எண்களிலிருந்து ஆங்கிலத்தில் வரிசையாக வந்திருந்தது. ராசிபலன் சேவை, வீடியோ சேவை, அப்புறம் கிரிக்கெட் ஸ்கோர். வாழ்க்கையில் ஓர் ஓவர் பார்த்திராத அம்மாவுக்கு ஆங்கிலத்தில் கிரிக்கெட் ஸ்கோர்! தொலைபேசிக் கம்பெனிக்கு எடுத்தேன். “எஸ்எம்எஸ்ஸில் வந்த ஓடிபி எண்ணைப் போட்டு நீங்களேதான் ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள்” என்றார்கள். அம்மாவுக்கு ஓடிபி என்றால் என்னவென்றே தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். சேவைகளை நிறுத்தினார்கள், போன காசு போனதுதான் என்றார்கள்.

ஓடிபியை வாசித்து ஒத்துக்கொண்டது யார் என்பதை அந்த எஸ்எம்எஸ் அனுமதியே சொல்கிறது. ஆப்பைத் தூக்கிய பிறகு புதிதாக ஒரு சேவையும் சேரவில்லை. இந்த வித்தை உலகத்துக்குப் புதிதும் அல்ல. ஜோக்கர் என்று பெயர் வாங்கிய தீய நிரல் குடும்பம் இப்படித்தான் எஸ்எம்எஸ்ஸை வாசித்துக் கட்டணச் சேவைகளில் ஆளைச் சேர்த்துவிடும். 2017இலிருந்து அந்த வகையில் 1,700 ஆப்களைப் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியதாக 2020இல் கூகுளே சொன்னது. முகத்தை வெள்ளையாக்கும் அழகுக் கமரா ஆப்களில் 29 தீங்கானவை என்று டிரென்ட் மைக்ரோ என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2019 ஜனவரியில் அறிவித்தது. அவற்றில் சில, பயனர்களின் படங்களையே தங்கள் சர்வருக்கு ஏற்றிக்கொண்டவை. ஸ்டோரிலேயே இந்தக் கூத்து என்றால், கியூஆரில் வரும் ஏபிகேயைப் பற்றி என்ன சொல்ல.

அம்மாவின் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு கிடக்கும் வங்கிக் கணக்கின் ஓடிபியும் இதே போனுக்குத்தான் வருகிறது. அன்றைக்கே வங்கிக்குப் போய்ச் சொல்லிக் கடவுச்சொல்லை மாற்றினோம். கணக்கில் ஒன்றும் குறையவில்லை. யாராவது ஏற்கனவே இதைப் போட்டிருந்தால் முதலில் ஆப்பைத் தூக்கிவிட்டு, அடுத்ததாக வங்கிக்குச் சொல்லுங்கள். ரீலோட் அதற்கப்புறம்.

முறைப்பாட்டு விஷயம். நுகர்வோர் அதிகார சபையின் எண் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். கேட்டால் பற்றுச்சீட்டு தருவது வியாபாரியின் கடமை, தராமல் விடுவதே ஒரு குற்றம். ரீலோட் பிடுங்கிய விஷயத்துக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, எண் 1900. இரண்டு இடத்துக்கும் கொடுத்திருக்கிறேன். முகவரி இல்லாத ஆளைத் தேடுவது எவ்வளவு தூரம் நடக்கும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் கூரியர் கம்பெனிக்குக் காசு யார் கணக்குக்குப் போனது என்று தெரியும், அதைக் கேட்கும் அதிகாரம் நமக்கில்லை, அதிகார சபைக்கு உண்டு.

பிளே ஸ்டோரில் இருக்கும் ஒழுங்கான ஆப்களிலும் ஒன்றைக் கவனியுங்கள். பழைய பிலிம் போல, கார்ட்டூன் போலப் படத்தை மாற்றும் பலதும் மூன்று நாள் இலவசம் என்று சொல்லி அப்புறம் வாரச்சந்தா எடுக்கும். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோருக்குள் போய் ‘பணம் செலுத்துதலும் சந்தாக்களும்’ என்ற இடத்தில் ரத்து செய்ய வேண்டும். எடுத்த காசைத் திரும்பக் கேட்பதானால் 48 மணித்தியாலத்துக்குள் கேட்டால்தான் வாய்ப்பு அதிகம்.

படம் கையில்தான் வேண்டும் என்றால் உடனடிக் கலருக்கு இன்ஸ்டாக்ஸ் மினி என்ற பிலிம் கமரா இருக்கிறது. படம் 62க்கு 46 மில்லிமீற்றர்தான், ஆனால் உண்மையான கலர். பிலிம் விலை கையைக் கடிக்கும், பத்துப் படத்தோடு ஒரு பெட்டி முடிந்துவிடும். 5 முதல் 40 பாகை வரைதான் அதற்கு ஒத்துவரும். ஜனவரி விடியலில் நுவரெலியாவில் எடுத்தால் நீலம் பாய்ந்து மங்கலாக வரலாம். படம் தெளியும் வரை ஜெக்கற்றின் உள்பைக்குள் வைத்திருங்கள். அம்மாவோ இப்போது மாதக் கடைசியில் எல்லாப் படத்தையும் சேர்த்து ஹட்டன் ஸ்டூடியோவில் கழுவுகிறார். புளூடூத் பட்டன் நல்ல சாமான், போனுக்கு அது சத்தம் கூட்டும் பட்டன் மாதிரித்தான் தெரியும் என்பதால் ஆப்பே வேண்டாம். மிகக் கிட்டே போய் எடுக்க போனில் மாட்டும் மக்ரோ லென்ஸும் நல்லது, தேயிலைப் பூவின் மஞ்சள் மகரந்தம் வரை இறங்கிப் பார்க்கலாம். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கிட்டே போக வேண்டும். பல கமரா உள்ள போனில் அது தானாக வேறு லென்ஸுக்குத் தாவிவிடும், அதனால் கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

விளம்பரம் போட்ட பக்கம் இப்போது பெயரை மாற்றிக்கொண்டு நட்சத்திர லைட் விற்கிறது, போன் நம்பர் மட்டும் அதேதான். இதே கமராவை வாங்கியவர்கள் பார்சலின் மேல் ஒட்டிய சீட்டையும் ரீலோட் வெட்டிய மெசேஜையும் படம் எடுத்து எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். ஒரே நம்பரின் மேல் பல முறைப்பாடு இருந்தால் 1977க்குச் சேர்த்தே கொடுக்கலாம். சீட்டைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள், அதுவும் வெப்பத் தாள்தான், மங்குவதற்குள் படம் எடுத்துவிடுங்கள்.