மூளைப் பயிற்சி ஆப்: இரண்டு வருஷம் ஆடிப் பார்த்ததில்

சின்னச் சின்ன விளையாட்டுகளால் நினைவாற்றலை வளர்ப்பதாகச் சொல்லும் ஆப் இது. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் இதை நானும் அப்பாவும் ஆடினோம். வருஷ சந்தா, இரண்டு தடவை கட்டியாயிற்று. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபது தாண்டியதும் ஆட்களின் பேர் நிற்கவில்லை. அதற்காகத்தான் வாங்கினோம்.

ஆப்பை நன்றாகவே செய்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது கட்டங்கள் விளையாட்டு. பலகையில் சில கட்டங்கள் மின்னி அணையும், அதே கட்டங்களைத் தொட வேண்டும். ஆரம்பத்தில் ஐந்து கட்டம் வந்தாலே தடுமாறுவேன். அப்புறம் அவற்றைச் சேர்த்து உருவமாகப் பார்க்கப் பழகினேன்: இது 'ட', இது 'ப', ஓரத்தில் ஒரு கட்டம் தனியாக. மளமளவென்று ஒன்பது, பத்துக்குப் போய்விட்டேன். நினைவாற்றல் உயர்ந்துவிட்டதாக ஆப் வரைபடம் போட்டுக் காட்டியது. எனக்குக் கைவந்தது அந்த ஒரு உத்திதான். சாவியை எங்கே வைத்தேன் என்று தேடும்போது அதற்கு வேலையே இல்லை. அப்பாவுக்கும் கூட்டல் விளையாட்டில் வேகம் கூடியது, பேர்கள் மட்டும் திரும்பி வரவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2010ல் நேச்சர் அறிவியல் இதழில் மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவின் ஆய்வு வந்தது. 11,430 பேர், ஆறு வாரப் பயிற்சி. ஆடிய விளையாட்டில் எல்லாரும் தேறினார்கள். ஆடாத சோதனைகளில், அவை கிட்டத்தட்ட அதே மாதிரி இருந்தும், பலன் தெரியவில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேரை வைத்து 'ஆக்டிவ்' என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் கண்ணில் படுவதைச் சட்டென்று கண்டுகொள்ளும் பயிற்சியின் பலன் பத்து வருஷம் கழித்தும் ஓரளவு நின்றது. ஆனால் அது பயிற்றுநர் முன்னால், சிறு குழுவாக உட்கார்ந்து செய்தது. அந்த ஒரு பயிற்சியின் பேரை வைத்து ஆப்பில் இருக்கிற எல்லா விளையாட்டையும் விற்பது நியாயமில்லை.

வியாபாரம் நடப்பது பயத்தை வைத்து. லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி ஆப் நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் போட்ட வழக்கு இதைத் தெளிவாகக் காட்டியது. மறதி நோய், அல்சைமர் என்று கூகுளில் தேடுகிறவர்கள் கண்ணில் படும்படி விளம்பரம் வாங்கியிருந்தார்கள். 2016 ஜனவரியில் 5 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று தீர்வாகி, நிறுவனத்தின் நிதிநிலையைப் பார்த்து 20 லட்சம் டாலரோடு முடிந்தது. பெற்றவர்களுக்கு என்ன ஆகிறதோ என்று ராத்திரியில் போனைத் தடவுகிறவர்களிடம் இப்படி விற்பது எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது.

அப்பா விஷயத்தில் வழி காட்டியது ஸ்டான்லி ஆஸ்பத்திரி டாக்டர். முதலில் காதைப் பாருங்கள் என்றார். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்திருந்தது. மறந்ததாக நாங்கள் நினைத்த பேர்களில் பாதி அவர் காதில் சரியாக விழவே இல்லை. மறதி நோய்க்கு வழிவகுப்பதாகவும், நம்மால் மாற்றக்கூடியதாகவும் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024ல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது கேளாமை அதில் முக்கியமானது. தனிமையும் இருக்கிறது, ரத்த அழுத்தம், சர்க்கரையும் இருக்கின்றன. காதுக் கருவி மாட்டிய பிறகு, பேச்சு புரியவில்லை என்று நிறுத்தியிருந்த தெருமுனை கேரம் கிளப்புக்கு அப்பா மறுபடி போகிறார். ஸ்ட்ரைக்கரை வைத்துக்கொண்டு அவர் சண்டை போடுவதைக் கேட்டே ரொம்ப நாளாகியிருந்தது.

சந்தாவைப் பற்றி. ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. யுபிஐ ஆட்டோபே, அதாவது தானாகப் பணம் எடுக்கும் அனுமதி, போட்டிருந்தால், பணம் அனுப்பும் ஆப்பிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எங்களுக்கும் வந்தது, ஆஃபர் மெசேஜ்களுக்கு நடுவில். பொழுதுபோக்குக்கு ஆட ஆசை என்றால் தினமும் இலவசமாகத் தருகிற சில விளையாட்டுகளே தாராளம். அப்பா அம்மாவுக்காக வாங்கப் போகிறீர்கள் என்றால், காது, பிபி, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிட்டு அப்புறம் யோசியுங்கள்.