சாட்ஸ்வர்த் வீட்டில் 11 வருடப் பேப்பர் சந்தா

கல்யாணமாகி 2014-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்தபோதே சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்குக் காலைப் பேப்பர் வந்துகொண்டிருந்தது. சந்தா மாமனார் பெயரில் இருந்தது. அவர் காலமான பிறகு என் கணக்குக்கு மாற்றினோம். மாதம் பிறந்ததும் டெபிட் ஆர்டரில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போய்விடும். எந்தப் பேப்பர் என்பது வேண்டாம், ஆங்கில நாளிதழ் ஒன்று. 11 வருடம் பணம் கட்டியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதல் ஏழெட்டு வருடம் ஒரு குறையும் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்குள், ஹடீடா பறவைகள் கத்தத் தொடங்கும் நேரத்தில், பக்கி வண்டி (இங்கே பிக்கப்புக்கு அதுதான் பெயர்) தெருவில் ஏறும் சத்தம் கேட்கும். கேட்டுக்கு மேலாகப் பேப்பர் வந்து விழும். மழை நாளில் மட்டும் டிரைவர் இறங்கி, பிளாஸ்டிக் உறை போட்டுத் தபால் பெட்டிக்குள் செருகிவிட்டுப் போவார். டர்பன் கோடை மழை எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அப்படியும் ஈரப் பேப்பர் வந்ததாக எனக்கு நினைவில்லை. அத்தை அவருக்கு ஜூலு மொழியில் "சவுபோனா, பாபா" (வணக்கம், ஐயா) என்பார், அவர் பதிலுக்கு "யேபோ, மா" (ஆமாம், அம்மா) என்பார். டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாக்ஸ் என்று ஒரு கவரும், தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கும் கொடுப்போம்.

2021 ஜூலைக் கலவரத்தில் சில நாள் பேப்பர் இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சாலைகளே உடைந்து போயின. அதையெல்லாம் யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள்.

குறை 2023-இல் ஆரம்பித்தது. இரண்டு ரூட்டுகளை ஒன்றாக்கிவிட்டார்கள். பழைய டிரைவர் பாபா வேறு பக்கம் போய்விட்டார். எட்டரைக்குப் பேப்பர் வந்தது, சில நாள் வரவே இல்லை. அதே வருடம் சந்தா இரண்டு முறை ஏறியது. நாங்கள் ஆரம்பத்தில் கட்டியதைப் போல இப்போது ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

புது டிரைவரை ஒரு நாள் நிறுத்திக் கேட்டேன். கோபமாகத்தான் போனேன், ஆனால் அவர் சொன்னதைக் கேட்ட பிறகு அவர்மேல் கோபப்பட முடியவில்லை. முன்பு எங்கள் சரிவில் மட்டும் 40 வீடுகளுக்குப் போட்டார்களாம், இப்போது 6. மேட்டில் ஏறி இறங்கும் தூரம் அதேதான். அவருக்குப் பேப்பர் கணக்கில்தான் கூலி, வண்டியும் பெட்ரோலும் அவருடையது. 2022 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் பெட்ரோல் லிட்டர் 26 ராண்டைத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். வீடுகள் குறையக் குறைய ஒரு பேப்பரைக் கொண்டுவரும் செலவு கூடுகிறது, செலவு கூடியதால் சந்தா ஏறுகிறது, சந்தா ஏறியதும் இன்னும் இரண்டு வீடு நிறுத்திவிடுகிறது. போதாததற்கு 15 சதவீத வாட் வேறு. 'பேல்ட்' என்ற ஆப்பிரிகான்ஸ் நாளிதழ் 2024 முடிவில் அச்சையே நிறுத்தியபோது எனக்கு எங்கள் தெருவின் அந்த 6 வீடுகள்தான் நினைவுக்கு வந்தன.

வராத பேப்பருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் கேட்க வேண்டும். போனில் சொன்னால் வேலைக்கு ஆகவில்லை. வராத தேதிகளைக் காலண்டரில் குறித்து, மாதக் கடைசியில் கணக்கு எண்ணோடு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு மாதம் 9 நாள் வரவில்லை, 7 நாளுக்குக் கழித்தார்கள்.

ஈ-பேப்பரும் பார்த்தோம். விலை குறைவு, எனக்குப் போதும். அத்தைக்கு ஆகவில்லை. அவர் முதலில் பிரிப்பது மரண அறிவிப்பும் நினைவஞ்சலியும் வரும் பக்கத்தை. யார் வீட்டுக்குப் போக வேண்டும், யாருக்குப் பதினாறாம் நாள் என்று பேனாவால் வட்டம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டுவார். திரையில் எப்படி வட்டம் போடுவது? லோட்ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) மோசமாக இருந்த 2023-இல் வைஃபையும் பாதி நேரம் இல்லை.

இந்த வருடம் வார நாள் சந்தாவை நிறுத்திவிட்டோம். சனி, ஞாயிறு மட்டும் வருகிறது, அதுவும் ஏழு மணிக்குள் வந்துவிடுகிறது. புதன்கிழமை 'போஸ்ட்' என்ற வாரப் பேப்பரை மூலைக் கடையில் வாங்கிக்கொள்கிறோம், அத்தைக்கு வேண்டிய அறிவிப்புகள் அதில்தான் அதிகம்.

புதிதாகச் சந்தா கட்ட நினைப்பவர்கள் முதலில் உங்கள் தெருவில் எத்தனை வீட்டுக்கு வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். நான்கைந்து வீடுதான் என்றால் வார இறுதி மட்டும் போதும். ஒரு வருடச் சந்தா என்று கட்டியிருந்தாலும் நடுவில் நிறுத்தலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 20 வேலை நாள் முன்னதாக எழுத்தில் சொன்னால் போதும். நான் அப்படித்தான் எழுதினேன். அதற்குப் பிறகும் ஒரு மாதம் பழைய தொகையே கணக்கில் போனது, அந்த மின்னஞ்சலைக் காட்டித்தான் திரும்பப் பெற்றேன்.