தகரக் கூரையின் கீழ் ஒரு மியூவான் உணரி

முல்லைத்தீவில் பௌதிகவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர், தமது பாடசாலைக்கும் இந்தக் கையடக்க மியூவான் உணரியை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். மியூவான் என்பது, விண்ணிலிருந்து வரும் கதிர்கள் மேல்வளியில் மோதுவதால் பிறந்து, பெரும்பாலும் மேலிருந்து நம்மீது ஓயாது பொழியும் நுண்துகள். துகள் பட்டால் மினுங்கும் பிளாஸ்டிக் பாளம், அந்த மினுக்கத்தைப் பிடிக்கும் சிலிக்கன் ஒளியுணரி ஆகியவற்றைப் பற்றி அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிளிநொச்சியில் நெடுநாள் பாவித்ததில் பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

வகுப்பறைக்கு இது அருமையான கருவி. இரண்டு உணரிகளை அடுக்கி, இரண்டிலும் ஒரே கணத்தில் பதிவானவற்றை மட்டும் எண்ணியபடி அடுக்கைச் சரித்தால், எண்ணிக்கை குறைந்துகொண்டு போவதை உயர்தர மாணவர்கள் தாங்களே வரைபாக்கிவிடுவார்கள்.

நான் ஆசைப்பட்டதோ வேறொன்றுக்கு: பருவத்தோடு மியூவான் எண்ணிக்கை மாறுவதைக் காண. இத்தாலியின் கிரான் சாஸோ ஆய்வுகூடத்தில், 1400 மீற்றர் பாறைக்கு அடியில், ஒரு சதுர மீற்றருக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான்தான் வந்து சேர்கிறது. கோடையில் வளிமண்டலத்தின் மேலடுக்கான படைமண்டலத்தின் காற்று சூடேறி ஐதாகும்போது, மியூவான்களின் தாய்த்துகள்களான பையான்களும் கேயான்களும் காற்றணுக்களில் மோதுமுன்னரே சிதைந்து மியூவான்களாகும் வாய்ப்புக் கூடுவதால், அங்கு ஜூன் இறுதியை ஒட்டி எண்ணிக்கை சராசரியைவிட ஒரு வீதத்துக்குச் சற்று மேலாக உயர்கிறது. அங்கேயே நடந்த பொரெக்சினோ என்ற நியூத்திரினோப் பரிசோதனை 2007 முதல் 2017 வரை திரட்டிய தரவிலோ, வளிமண்டல வெப்பநிலையில் காணப்படாத, ஏறத்தாழ 3000 நாள் கொண்ட மெதுவான ஏற்ற இறக்கமும் தென்பட்டது. பாறைக்கு அடியில் இருந்துகொண்டே அவர்கள் படைமண்டலத்தின் வெப்பத்தை அறிகிறார்கள். என் கருவி அறிவது எங்கள் ஆய்வுகூடத் தகரக் கூரையின் வெப்பத்தை.

இதுதான் என் தீராத எரிச்சல். பங்குனி வெயிலில் கறுப்பு நாடாவின் பசை இளகி ஓரம் கிளம்ப, அந்த நூலிழை இடுக்கால் வெளிச்சம் புகுந்து, ஒற்றை உணரியின் எண்ணிக்கை மத்தியானத்தில் எகிறுகிறது. இரண்டையும் இணைத்து எண்ணினால், சூட்டில் ஒளியுணரி சமிக்ஞையைப் பெருக்கும் திறன் தளர்ந்து அதே மத்தியானத்தில் எண்ணிக்கை இறங்குகிறது. ஒரு வீத மாற்றத்தை இதற்குள் எங்கே தேடுவது? மின்வெட்டு வந்துபோனால் நேரக்கணக்குச் சுழியத்திலிருந்து தொடங்குவதைத் தனியாகத்தான் திட்டவேண்டும்.

நியாயமாகப் பார்த்தால், வகுப்பறைக்கென்று செய்த கருவியிடம் சுரங்க ஆய்வுகூடத்தின் வேலையை எதிர்பார்ப்பது என் பேராசைதான். இருந்தாலும் இந்த வெயிலில் கேட்டால் வாங்கவேண்டாம் என்றுதான் சொல்வேன். மார்கழியில் கேட்டிருந்தால், இரண்டாக வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன்.

கிணற்றுக்குள் இறக்கிவைத்தால் என்ன என்று ஒரு மாணவன் கேட்டான். வாய் திறந்த கிணறு நேர் மேலிருந்து வரும் மியூவானை மறிக்காது. ஆனால் அடியில் வெயில் ஏறாது, சூடும் அவ்வளவாக மாறாது. பாடசாலைக்குப் பின்னால் தூர்ந்த கிணறு ஒன்று இருக்கிறது. மாரித் தண்ணீர் ஊறும்வரை அதில் வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.