ஒன்பது வருடமும் நான்கு லேடர்களும்

பெங்களூரு ஹெப்பால் பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் குளோனிங் வேலை, அதாவது ஒரு டிஎன்ஏ துண்டை இன்னொன்றில் ஒட்டிப் பெருக்குவது. ஒன்பது வருடமாக வாரத்துக்கு எட்டுப் பத்து அகரோஸ் ஜெல் ஓட்டுகிறேன். மின்சாரம் பாய்ச்சினால் ஜெல் வழியே டிஎன்ஏ துண்டுகள் நகரும், சின்னது முன்னால் ஓடும். எதை ஓட்டினாலும் ஒரு வெல் (ஜெல்லில் உள்ள குழி) லேடருக்கு. லேடர் என்பது நீளம் தெரிந்த டிஎன்ஏ துண்டுகளின் கலவை; அதன் கோடுகளை, அதாவது பேண்டுகளை, வைத்துத்தான் நம் துண்டின் நீளத்தைப் படிப்போம். டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் என்சைம் எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கருத்து சொல்வார்கள். லேடரைப் பற்றி விலையைப் பார்த்து முணுமுணுப்பதோடு சரி.

நான் சேர்ந்தபோது இருந்தது லாம்டா ஹிண்ட் த்ரீ. 48,502 பேஸ் பேர் (டிஎன்ஏ நீளத்தின் அலகு, ஆயிரம் சேர்ந்தால் ஒரு கேபி) நீளமுள்ள லாம்டா ஃபேஜ் என்ற வைரஸின் டிஎன்ஏவை ஹிண்ட் த்ரீ என்ற என்சைம் வெட்டிய எட்டுத் துண்டுகள். மலிவு. ஆனால் 2,027க்கு அடுத்தது 564தான். நாம் ஒட்டும் துண்டான இன்ஸர்ட் 1.2 கேபி என்றால் அந்த வெட்டவெளியில் குத்துமதிப்பாகத்தான் சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு, லாம்டாவின் இரு முனைகளிலும் 12 பேஸ் ஒற்றை இழையாக நீட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றைக் கண்டால் இன்னொன்று ஒட்டிக்கொள்ளும். 65 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்காமல் போட்டால் 4.3 கேபி துண்டு போய் 23 கேபியோடு சேர்ந்துவிடும், 4.3 மங்கிப்போகும். இது தெரியாமல் சரக்கு கெட்டுவிட்டது என்று ஒரு வயல் குப்பியையே குப்பையில் போட்டிருக்கிறேன்.

அப்புறம் நியூ இங்கிலாந்து பயோலேப்ஸின் 1 கேபி லேடருக்கு மாறினோம். அரை கேபியிலிருந்து 10 கேபி வரை பத்து பேண்ட். இதில் எனக்குப் பிடித்தது 3 கேபி பேண்ட். மற்றவற்றைவிடத் தடிமனாக இருக்கும், அதனால் எண்ண ஆரம்பிக்க இடம் கிடைக்கும். 500 நானோகிராம் லேடர் போட்டால் அந்தப் பேண்டில் மட்டும் 125 நானோகிராம். ஜெல்லிலிருந்து சுத்தம் செய்த வெக்டரை (இன்ஸர்ட்டைச் சுமக்கும் டிஎன்ஏ) அதன் பக்கத்தில் ஓட்டி, கண்ணாலேயே அளவு பார்த்து, இரண்டையும் ஒட்டும் லைகேஷனுக்கு வெக்டர் ஒன்றுக்கு இன்ஸர்ட் மூன்று விகிதம் போடுவேன். ஒளியால் டிஎன்ஏ அளக்கும் நானோடிராப் கருவி சொல்லும் எண்ணைவிட இதை நம்புகிறேன். டிஎன்ஏவைச் சுத்தம் செய்யும் சிலிக்கா காலமிலிருந்து வரும் உப்பு இதை ஏமாற்றாது.

பாக்டீரியா காலனியில் இன்ஸர்ட் இருக்கிறதா என்று பார்க்கும் காலனி பிசிஆருக்கு 100 பேஸ் பேர் லேடர். குறையொன்றும் இல்லை, சாயத்தைத் தவிர. 1% ஜெல்லில் ஓட்டத்தைக் காட்டும் புரோமோஃபீனால் புளூ சாயம் ஏறக்குறைய 300 பேஸ் பேர் இடத்தில் ஓடும். நம் பேண்டும் 300 என்றால் அதன் நிழலில் ஒளிந்துவிடும். ஆரஞ்சு ஜி சேர்த்த லோடிங் டை வாங்கிக்கொண்டேன். அது எல்லாருக்கும் முன்னால் ஓடிவிடும்.

லேடரைத் தப்பாகப் படிப்பதுதான் பெரிய ஆபத்து. போன வருடம் நாகர்கோவிலிலிருந்து புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு நாள் சாயங்காலம் முகம் வாடி வந்தான்.

“அக்கா, க்ளோன் போச்சு. மூன்றரை கேபி இருக்கணும், 2 கேபிகிட்ட நிக்குது.”

“வெட்டினியா?”

“இல்லக்கா, மினிப்ரெப் அப்படியே போட்டேன்.”

லேடரில் இருப்பதெல்லாம் நேர்த்துண்டு. மினிப்ரெப்பில் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுப்பது பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏ. வெட்டாத பிளாஸ்மிட் முறுக்கேறிய கயிறுபோலச் சுருண்டு கிடக்கும்; ஜெல்லுக்குள் சுலபமாக நுழைந்து முன்னால் போய்விடும். அதற்குப் பக்கத்தில் 1 கேபி லேடர் வைப்பது, சுருட்டிய பாயை அளந்து இதுதான் நீளம் என்பதுபோல. ஒரே இடத்தில் வெட்டும் என்சைம் போட்டு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தோம். மறுபடி ஓட்டியபோது 3க்கும் 4க்கும் நடுவில் வந்து நின்றது. அதன்பிறகுதான் டீ குடிக்க வந்தான்.

அவசரத்தில் வோல்டேஜை ஏற்றினாலும் இதே கதி. ஜெல்லின் நடுப்பகுதி சூடாகி வேகமாக ஓடும், ஓரங்கள் பின்தங்கும். ஓரத்து லேடரை வைத்துப் பார்த்தால் நடுவில் உள்ள சாம்பிள் சின்னதாகத் தெரியும். எலக்ட்ரோடுகளுக்கு இடையே சென்டிமீட்டருக்கு 5 வோல்ட் தாண்டுவதில்லை. லேடரை இடப்பக்கம் ஒன்றும் நடுவில் ஒன்றும் போடுவேன். இரண்டு ஓரத்திலும் போட்டால் ஜெல் திரும்பிவிட்டதா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, தாங்கும் திறன்? பிரமாதம். ஒரு தடவை பார்சல் வெள்ளிக்கிழமை வந்து, திங்கள்வரை செக்யூரிட்டி அறையில் கிடந்து, ஐஸ் பேக் எல்லாம் வெந்நீராகிவிட்டது. கூட வந்த லைகேஸ் என்சைம் கதை முடிந்தது. லேடர் ஒரு பேண்ட்கூட மங்கவில்லை. ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் கலந்த பஃபரில் இருப்பதால் அறை வெப்பத்தைப் பொறுத்துக்கொள்ளும்.

இப்போது லேடர் பெரும்பாலும் வீட்டுச் சமையல். பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகக் குழு 2017இல் வெளியிட்ட பிபிஎஸ்யூ 1, 2 என்ற இரண்டு பிளாஸ்மிட்கள். பிஎஸ்டி ஒன் என்சைமால் வெட்டினால் 100 பேஸ் பேர் லேடர், ஈகோ ஆர் ஃபைவால் வெட்டினால் 1 கேபி லேடர். செலவு எங்கேயோ இறங்கிவிட்டது. அரைகுறையாக வெட்டினால் இல்லாத பேண்ட் எல்லாம் வரும், அதனால் ஒவ்வொரு தடவையும் வாங்கிய லேடரோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுவேன். பொறுமை இல்லாதவர்கள் வாங்கிக்கொள்வதே மேல்.

லேடர் வெப்பத்தைத் தாங்கும், பைப்பெட்டின் அழுக்கு டிப்பைத் தாங்காது. யாரோ பயன்படுத்திய டிப்பை விட்டு எடுத்ததில் டிஎன்ஏவைச் சிதைக்கும் நியூக்ளியேஸ் என்சைம் புகுந்து, ஒரு முழு வயலும் கோலப்பொடி இழுவினதுபோல ஆனது. அன்றிலிருந்து 50 மைக்ரோலிட்டராகப் பிரித்து, என் பங்கை யாரும் எடுக்கக் கூடாதென்று மூடியில் தமிழில் ‘ஏணி’ என்று எழுதி வைத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று தார்வாட்காரர் ஒருவர் கேட்டார். படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார், கன்னடத்திலும் அது ஏணிதானாம். மார்க்கரை வாங்கி அடியில் கன்னட எழுத்திலும் எழுதிவிட்டு, ஒரு வயலைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.