மடக்குக்கத்தியின் ரம்பமும் அதன் போட்டியாளர்களும்: எந்தக் கழிக்கு எது?

மடக்குக்கத்தி வாங்க நினைக்கும் பலர் ரம்பம் உள்ளதை எடுப்பதா, ரம்பம் இல்லாத மெல்லியதை எடுப்பதா என்ற இடத்தில் வந்து தயங்குகிறார்கள். ஏழு சென்டிமீட்டர் ரம்பத்தால் எதை அறுத்துவிட முடியும் என்று ஒரு சாரார் அதை ஒதுக்குகிறார்கள். பொறுமை இருந்தால் தொடைத் தடிமனான கட்டையையும் அதனால் அறுக்கலாம் என்று மறு சாரார் சாதிக்கிறார்கள். இரு சாராரும் அதைப் பெரிய ரம்பத்தின் சிறு வடிவமாகவே எடைபோடுகிறார்கள் என்பதால்தான் இந்த வாதம் முடிவதில்லை. அந்த ரம்பத்துக்கென்று ஒரு தடிமன் வரம்பு உண்டு. ஏறத்தாழ 2 சென்டிமீட்டரிலிருந்து 4 சென்டிமீட்டர் வரை விட்டமுள்ள கழிகளே அதன் எல்லை. அந்த எல்லைக்குள், குறிப்பாக அறுத்தவுடன் செதுக்கவும் வேண்டியிருக்கும் வேலையில், அதனுடன் போட்டியிடும் கருவிகள் எல்லாம் ஒருபடி பின்தங்கிவிடுகின்றன என்பதே என் கருத்து.

இங்கே நான் அளவுகோலாகக் கொள்வது விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் கத்திகளில் உள்ள மர ரம்பத்தை. 91 மில்லிமீட்டர் நீளமுள்ள ஹன்ட்ஸ்மேன், 93 மில்லிமீட்டர் நீளமுள்ள ஃபார்மர் ஆகிய இரண்டும் இந்த வகையில் பரவலாக அறியப்பட்டவை. சுவிட்சர்லாந்து ராணுவத்தின் 1961ஆம் ஆண்டு மாதிரிக் கத்தியில் ரம்பம் கிடையாது. 111 மில்லிமீட்டர் நீளத்தில் வந்த 2008ஆம் ஆண்டு மாதிரியில்தான் அது இடம்பெற்றது. சாதாரண மர ரம்பங்களில் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சற்றே வளைத்து, அலகு சிக்காமல் ஓடும் அளவுக்கு வெட்டுத்தடத்தை அகலமாக்குவார்கள். இந்தக் கத்தி ரம்பத்தில் பற்கள் வளைக்கப்படுவதில்லை. பல்லிருக்கும் விளிம்பு தடித்தும் முதுகுப்பக்கம் மெலிந்தும் இருக்குமாறு அலகையே சீவிவிடுவதால், பல் வெட்டிய தடத்துக்குள் மெலிந்த முதுகு உரசாமல் செல்கிறது. தள்ளும்போதும் இழுக்கும்போதும் அறுக்கும் பற்கள் அவை. அறுத்த முகம் வழவழப்பாக அமைவதற்கும் இந்த அமைப்பே காரணம்.

எல்லை ஏன் 4 சென்டிமீட்டரோடு நிற்கிறது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். ரம்பத்தின் பற்களுக்கிடையே உள்ள பள்ளங்களில் மரத்தூள் சேர்கிறது. அந்தப் பள்ளம் மரத்துக்கு வெளியே வந்தால்தான் தூள் உதிரும். எனவே பயனுள்ள வீச்சு என்பது ரம்பத்தின் நீளத்திலிருந்து கழியின் விட்டத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான். 7 சென்டிமீட்டர் ரம்பத்துக்கு 3 சென்டிமீட்டர் கழியில் 4 சென்டிமீட்டர் வீச்சு கிடைக்கும். 6 சென்டிமீட்டர் கட்டையிலோ 1 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். அதே வேளையில் அறுக்க வேண்டிய பரப்பு சுமார் 7 சதுர சென்டிமீட்டரிலிருந்து 28 சதுர சென்டிமீட்டராக, அதாவது நான்கு மடங்காக உயர்ந்துவிடுகிறது. வேலை நான்கு மடங்காகும்போது வீச்சு கால் பங்காகக் குறைவதால், நடுப்பற்கள் மரத்தை விட்டு வெளியே வராமலேயே தங்கள் தூளைத் தாங்களே அரைத்துக்கொண்டிருக்கும். தடித்த கட்டையில் இந்த ரம்பம் திணறுவதாகச் சொல்பவர்கள் உணர்வது இதைத்தான். பற்களின் கூர்மையில் குறை ஏதும் இல்லை.

முதல் போட்டியாளர் அதே பிடிக்குள் இருக்கும் கத்தி அலகு. பச்சையான மெல்லிய தண்டில் கத்தியே வெல்லும். கட்டைவிரல் அளவுக்கு உட்பட்ட பச்சைத் தண்டை ஒரு கையால் வளைத்துப் பிடித்து, இழுபட்டு விறைத்திருக்கும் வெளிப்பக்கத்தில் அலகைச் சாய்வாக வைத்து அழுத்தினால், நார்கள் தாமாகவே பிளந்து வழிவிடும். ரம்பத்தை விரித்து முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். அதே தடிமனில் உலர்ந்த சுள்ளியாக இருந்தால் கையால் ஒடித்துவிடலாம். இந்த இரண்டும் முடியாத இடத்தில்தான் ரம்பத்தின் வேலை தொடங்குகிறது. இரண்டரை சென்டிமீட்டர் உலர்ந்த கழியைக் கத்தியால் துண்டிக்க முயல்பவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பள்ளம் செதுக்கி, கடைசியில் ஒடித்து, பிசிறு நிறைந்த முனையைத்தான் பெறுவார். கத்தியின் முதுகில் கட்டையால் அடித்துக் குறுக்கே வெட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. அந்த அதிர்ச்சி முழுவதும் மடக்கு மூட்டின் மெல்லிய ஆணியில் இறங்குவதால், மடக்குக்கத்திக்கு அது கூடவே கூடாது.

ஆனால் கத்தியையும் ரம்பத்தையும் எதிரெதிராக நிறுத்துவதைவிட, இரண்டும் ஒரே பிடியில் சேரும்போது என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதில்தான் இந்த ஒப்பீட்டின் பயன் அதிகம். கூடார முளை ஒன்று செய்வதாகக் கொள்வோம். கயிறு தங்குவதற்குத் தலைப்பகுதியில் ஒரு படி வெட்ட வேண்டும். முதலில் ரம்பத்தால் குறுக்காக, கழியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஒரு கீறல் அறுத்துக்கொண்டு, அதற்குக் கீழிருந்து அந்தக் கீறலை நோக்கிக் கத்தியால் சீவினால், ஒவ்வொரு சிராயும் கீறலை எட்டியதும் தானாகவே அறுந்து விழும். கீறல் இல்லாமல் சீவினால் நாரின் போக்கிலேயே பிளவு ஓடி, முளையின் தலையே பெயர்ந்துவிடக்கூடும். பக்கத்தில் பக்கமாக இரண்டு கீறல்கள் அறுத்து இடையிலுள்ளதைக் கத்தி முனையால் பெயர்த்தெடுத்தால், இரு கழிகளைக் குறுக்காகப் பொருத்துவதற்கான சதுரப் பள்ளம் கிடைக்கும். மரக்கரண்டி செதுக்குபவர்கள் குழிப்பகுதியும் காம்பும் சந்திக்கும் தோளில் இருபுறமும் இப்படிக் கீறிக்கொண்டால், காம்பை மெலிக்கும்போது கத்தி குழிப்பகுதிக்குள் ஓடிவிடாது. பானை தொங்கவிடும் கொக்கி, கைப்பிடிக் கட்டை, செடிகளுக்கு நடும் பெயர்க்குச்சி என்று சிறு செதுக்கு வேலைகள் அனைத்திலும் இந்த இணைப்பே அடிப்படை. பெரிய மடக்கு ரம்பத்தால் இதைச் செய்ய முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் பெரிய பற்கள் மெல்லிய கழியில் குதித்துக் குதித்து நாரைக் கிழிக்கும், கீறலின் ஆழத்தைக் கட்டுப்படுத்துவதும் கடினம்.

தனி மடக்கு ரம்பம் என்னும் இரண்டாவது போட்டியாளரின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பாக்கோ லாப்லாண்டர் ரம்பத்தின் அலகு 19 சென்டிமீட்டர். சில்கி பாக்கெட்பாய் 13, 17 சென்டிமீட்டர் அளவுகளில் கிடைக்கிறது. ஒப்பினெல் 12ஆம் எண் மடக்கு ரம்பத்தின் அலகு 12 சென்டிமீட்டர். லாப்லாண்டர் இருதிசையிலும் அறுக்கும்; மற்ற இரண்டும் இழுக்கும்போது அறுப்பவை. மேலே சொன்ன கணக்கை 19 சென்டிமீட்டருக்குப் போட்டால், 6 சென்டிமீட்டர் கட்டையிலும் 13 சென்டிமீட்டர் வீச்சு கிடைக்கிறது. இரவு முழுவதும் எரியும் நெருப்புக்கு விறகு சேர்க்க வேண்டும், பாதையில் விழுந்த மரக்கிளையை அகற்ற வேண்டும், தங்குமிடத்துக்குக் கால்கள் நட வேண்டும் என்றால் இதற்கு மாற்றே இல்லை. ஹன்ட்ஸ்மேன் கத்தியின் எடை 100 கிராமை ஒட்டியது. லாப்லாண்டர் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. வேலை இருக்கிறது என்று தெரிந்து புறப்படும் நாளில் அந்த எடை ஒரு பொருட்டே இல்லை. வேலை வருமா என்று தெரியாத நாளில், சட்டைப்பையில் ஏற்கெனவே இருக்கும் ரம்பம்தான் பயன்படும்.

பெரிய ரம்பம் இல்லாத நேரத்தில் 5 சென்டிமீட்டர் கட்டையைக் கத்தி ரம்பத்தால் சமாளிக்க ஒரு வழி உண்டு. ஒரே பக்கத்திலிருந்து ஊடறுக்க முயலாமல், கட்டையைச் சுழற்றிச் சுழற்றிச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அறுத்து, பிறகு ஒடிக்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் ரம்பம் தொடும் மரத்தின் அகலம் குறைவாக இருப்பதால் வீச்சும் மீளக் கிடைக்கிறது, தூளும் வெளியேறுகிறது.

தோட்ட வேலையில் ஒப்பிட வேண்டியது கவாத்துக் கத்தரியோடு. பச்சைத் தண்டில் கத்தரிக்கே முதலிடம்; ஒரே அழுத்தில் வேலை முடிந்துவிடும். காய்ந்து இறுகிய கிளையில் அது நசுக்கிப் பிளக்கும், அதன் வாயும் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேலான தடிமனோடு நின்றுவிடும். இரண்டு கிளைகள் நெருக்கமாகப் பிரியும் கவட்டில் கத்தரியின் தடித்த வாயும் நுழையாது, பெரிய ரம்பத்தின் நீண்ட அலகும் பக்கத்துக் கிளையின் பட்டையைக் கீறாமல் ஓடாது. கத்தி ரம்பத்தின் குறுகிய முனை அந்த இடத்தில் தாராளமாக நுழைகிறது. கனமான பச்சைக் கிளையாக இருந்தால், எந்த ரம்பமானாலும், முதலில் அடிப்பக்கத்தில் சிறிது அறுத்துவிட்டுப் பிறகே மேலிருந்து அறுக்க வேண்டும்; இல்லையேல் கிளை தன் எடையால் சாயும்போது தாய்மரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

கம்பி ரம்பத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுருட்டினால் உள்ளங்கைக்குள் அடங்கும் என்பதைத் தவிர அதில் நான் காணும் சிறப்பு வேறில்லை. கூர்மையாக வளைந்த நிலையில் இழுத்தால் கம்பி மரத்தில் சிக்கிச் சூடேறி அறுந்துவிடுகிறது. அகலமான வளைவில், சீராக, மெதுவாக இழுத்தால்தான் அது தாங்கும். இரு கைகளும் அதிலேயே இருப்பதால் கழியைப் பிடிக்க வேறு ஏற்பாடு வேண்டும். கைச்சங்கிலி ரம்பம் அப்படியன்று. தடித்த கட்டையைச் சுற்றி வளைத்து இரு கைகளாலும் மாறிமாறி இழுக்கும்போது, மடக்கு ரம்பமும் எட்டாத தடிமனை அது அறுத்துவிடும். ஆனால் 3 சென்டிமீட்டர் கழியைச் சங்கிலி அறுப்பதைவிட ஆட்டுவதே அதிகம் என்பதால், கத்தி ரம்பத்தோடு அதற்கு உண்மையில் போட்டியே இல்லை.

நெருங்கிய போட்டி என்றால் பல்கருவி இடுக்கியில் உள்ள ரம்பம்தான். லெதர்மேன் வேவ் போன்றவற்றின் ரம்பமும் நீளத்தில் ஏழு சென்டிமீட்டரை ஒட்டியதே. எனவே வீச்சுக் கணக்கில் இரண்டும் ஒன்றே. வேறுபாடு பூட்டில் இருக்கிறது. வேவின் ரம்பம் விரிந்ததும் பூட்டிக்கொள்ளும். 91 மில்லிமீட்டர் கத்தியின் ரம்பத்தை விரிந்த நிலையில் பிடித்திருப்பது பிடியின் முதுகுப்பக்கத்தில் உள்ள எஃகு வில் ஒன்றுதான். 111 மில்லிமீட்டர் கத்திகளிலும் பூட்டு பெரிய அலகுக்கு உரியது, ரம்பத்துக்கு அன்று. இதை ஒரு பெருங்குறையாக நான் கருதுவதில்லை. பல்லை மரத்தில் அழுத்தும்போது மரம் திருப்பித் தரும் விசை அலகை மேலும் திறக்கும் திசையில்தான் செல்கிறது, மூடும் திசையில் அன்று. ஆபத்து வருவது அலகு இடுங்கிச் சிக்கும்போது: சிக்கிய ரம்பத்தைத் திருகி மேலே இழுத்தாலோ, முனை எதிலாவது முட்டியிருக்கத் தள்ளினாலோ பிடி மடங்கி விரலைப் பதம்பார்க்கும். இரு முனைகளிலும் தாங்கப்பட்ட கழியை நடுவில் மேலிருந்து அறுத்தால், கழி தொய்ந்து வெட்டுத்தடம் மூடி அலகைக் கவ்வும். ஒரு முனையை மட்டும் தாங்கி, தொங்கும் முனையை அறுத்தால் தடம் திறந்துகொண்டே போகும். இதைக் கவனித்து, விசையை இழுப்பில் கூட்டித் தள்ளலில் குறைத்தால் பூட்டின் தேவை பெரும்பாலும் எழுவதில்லை. பிடிப்பைப் பொறுத்தவரை நான் கத்தியின் பக்கமே நிற்பேன். உருண்ட பிடி உள்ளங்கையில் அமர்வதுபோல் இடுக்கியின் உலோக விளிம்புகள் அமர்வதில்லை. இறுகிய மரத்தைத் தொடர்ந்து அறுக்கும் ஒருவர் பூட்டையே விரும்புவார், அதிலும் நியாயம் உண்டு.

91க்கும் 111க்கும் இடையே தேர்வு செய்வதானால், பெரியதில் ரம்பம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். 4 சென்டிமீட்டர் கழியில் வீச்சு 3லிருந்து 5 சென்டிமீட்டராக உயர்கிறது. தொடர்ந்து மரவேலை செய்பவருக்கு அந்த இரண்டு சென்டிமீட்டர் மிகப் பெரிய வித்தியாசம்.

மரத்துக்கு அப்பாலும் இந்த ரம்பத்துக்கு வேலை உண்டு. பிவிசி குழாயை அது நேராகவும் சுத்தமாகவும் அறுக்கும். குழாய் உள்ளீடற்றது என்பதால் தடிமன் வரம்பும் சற்றுத் தளர்கிறது. ஜிப்சம் பலகையில் துளையிட்ட பின் முனையை நுழைத்துச் சதுரமாக வெட்டலாம். மூங்கிலை வெட்டும்போது, சுற்றிலும் மேல்தோலை முதலில் கீறிக்கொண்டு பிறகு ஊடறுத்தால் சிம்பு பெயராது. ரம்பத்தின் முதுகு விளிம்பு சதுரமாக இருப்பதால் தீப்பொறிக் கோலை உரசவும், உலர்ந்த பட்டையைச் சுரண்டி நெருப்புப் பஞ்சு சேர்க்கவும் அது உதவுகிறது. அறுக்கும்போது விழும் நுண்தூளும் அதே நெருப்புக்குப் பயன்படும். ஆணி, கம்பி போன்ற உலோகத்தை மட்டும் இதனிடம் கொடுக்கக் கூடாது. ஸ்விஸ்சேம்ப் போன்ற பெரிய கத்திகளில் மர ரம்பத்தோடு உலோகம் அறுக்கத் தனி ரம்பமும் இருப்பது அதனால்தான்.

பற்கள் மழுங்கினால் கத்தி அலகைப்போல் கல்லில் தீட்டிச் சரிசெய்ய முடியாது என்பதும், ரம்பத்தை மட்டும் கழற்றி மாற்ற வழியில்லை என்பதும் கடைசியாகக் கவனிக்க வேண்டியவை. பிசின் படிந்தால் சாராயம் தொட்ட துணியால் துடைத்து, பழைய பல்துலக்கியால் பள்ளங்களைத் தேய்த்து, உலர்த்தி, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். மண்ணில் புதைந்த வேரை அறுக்கும்போதுதான் பற்கள் மிக விரைவாகத் தேய்கின்றன, ஏனெனில் மணல் எஃகையே அரைக்கும். அந்த ஒரு வேலையை, அலகு தேய்ந்தால் புது அலகு வாங்கிப் பொருத்திக்கொள்ளும் வசதியுள்ள சில்கி போன்ற மடக்கு ரம்பத்துக்கு விட்டுவிடலாம். அதுவும் கையில் இல்லையென்றால், வேரைச் சுற்றித் தோண்டி நீரூற்றிக் கழுவிய பிறகு கத்தி ரம்பத்தை வைக்கலாம்.