எங்கள் கம்பெனி வீடியோவும் கொட்டேஷனின் இரண்டாம் பக்கமும்

பம்ப் தயாரிக்கும் எங்கள் கம்பெனிக்கு மூன்று நிமிட அறிமுக வீடியோ ஒன்று வேண்டும், பொறுப்பு உங்களுடையது என்று எம்டி சொன்னபோது, ஒரு கேமராமேனைக் கூப்பிட்டால் வேலை முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். நான் கொள்முதல் பிரிவில் இருப்பவன். போல்ட், நட்டு வாங்குகிற மாதிரி மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்டேன்.

குறைந்த தொகை சொன்னவர்கள் அனுப்பியது ஒரே வரி: 'கார்ப்பரேட் வீடியோ, 3 நிமிடம்', பக்கத்தில் ஒரு தொகை. நாங்கள் தேர்ந்தெடுத்த குழு இரண்டு பக்கம் அனுப்பியது. முதல் பக்கத்தில் ஸ்கிரிப்ட், ஷூட்டிங் இரண்டு நாள், இரண்டு கேமரா, லைட்டிங், எடிட்டிங், காட்சிகளின் கலரைச் சீராக்குவது, வாய்ஸ் ஓவர் (பின்னணிக் குரல்) என்று தனித்தனி வரிகள். இரண்டாம் பக்கத்தில், இந்தத் தொகைக்குள் எதெல்லாம் அடங்காது என்ற பட்டியல். பத்து மணி நேரத்துக்கு மேல் போனால் ஓவர்டைம், இரண்டு சுற்றுக்கு மேல் திருத்தம், ஹார்ட் டிஸ்க், வேற்று மொழி வாய்ஸ் ஓவர். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் இவர்களை நம்பினேன். எங்கள் அக்கவுண்ட்ஸ்காரருக்கு அதே பக்கத்தைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது.

முதல் மீட்டிங்கில் அவர்களுடைய தயாரிப்பு மேலாளர் அம்மா கேட்ட முதல் கேள்வி: "இதை யார் பார்க்கப் போறாங்க சார்?" டீலர் என்றார் ஒருவர். வேலைக்கு வரும் பிள்ளைகள் என்றார் இன்னொருவர். எம்டி, எல்லாரும்தான் என்றார். டீலர் என்று முடிவாகவே பத்து நாள் ஆனது. முடிவானதும் கம்பெனி வரலாறு, கேன்டீன், விளையாட்டு விழா எல்லாம் தானாகவே ஸ்கிரிப்ட்டிலிருந்து விழுந்தன. ட்ரோனும் விழுந்தது. அனுமதி வாங்கி, அரை நாள் செலவழித்து, வீடியோவில் ஐந்து விநாடி கூரையைக் காட்டப் போகிறோம், தேவையா என்று அவர்களே கேட்டார்கள். பில்லைக் குறைக்க யோசனை சொல்கிற சப்ளையரை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஸ்கிரிப்ட்டை அந்த அம்மா ஸ்டாப்வாட்ச் வைத்து வாய்விட்டுப் படித்தார். ஐந்தரை நிமிடம் வந்தது. வெட்டினோம். காகிதத்தில் வெட்ட ஒரு சாயங்காலம் போதும். எடுத்து முடித்தபின் வெட்டியிருந்தால், வெட்டிய காட்சிகளுக்கும் சேர்த்தே ஷூட்டிங் செலவு ஆகியிருக்கும்.

லொகேஷன் பார்க்க வந்தபோது கேமராவே கொண்டுவரவில்லை. சவுண்ட் பார்க்கும் தம்பி ஹாலின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கம்ப்ரஸரை நிறுத்த முடியுமா என்றார். முடியாது என்றோம். பேட்டி எடுக்கும் இடம் அங்கேயே மாடியில் உள்ள ஸ்டோர் ரூமுக்கு மாறியது. இத்தனை வருடம் அந்த இரைச்சலில் வேலை பார்க்கிறேன், அது கேட்டதே இல்லை எனக்கு.

சரி, குறைகள். டீலர்கள் போனில் பார்க்க நெட்டுக்குத்து வீடியோவும் வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அது கேமராமேன் காதுக்குப் போகவே இல்லை. எல்லாவற்றையும் அகலவாக்கில் வைத்து எடுத்துவிட்டார்கள். 4கே, அதாவது அதிக பிக்சல் உள்ள படம் என்பதால் அதன் நடுவில் 1,215 பிக்சல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டலாம், போனுக்கு அது தாராளம் என்றார்கள். உண்மைதான், பேசுகிறவர்களுக்கு அது சரியாக வந்தது. ஆனால் எங்கள் பெரிய டெஸ்டிங் மெஷின் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு, ஏதோ குளிர்சாதனப் பெட்டி மாதிரி நிற்கிறது. இன்றுவரை எனக்கு வருத்தம்.

இசையிலும் சறுக்கினார்கள். முதல் எடிட்டில் தற்காலிகமாக ஒன்று போட்டிருந்தார்கள், எம்டிக்குப் பிடித்துவிட்டது. அப்புறம் பார்த்தால் அதன் லைசென்ஸ் இணையத்துக்கு மட்டும். கண்காட்சி ஸ்டாலில் ஓட்டக் கூடுதல் கட்டணம். போடுவதற்கு முன்பே அதைச் சொல்லியிருக்க வேண்டாமா? ஒரு மேலாளரின் பெயரை ஸ்கிரீனில் தப்பாகப் போட்டுவிட்டு, அதைத் திருத்தியதை ஒரு சுற்றாகக் கணக்கு வைத்தார்கள். கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் சுற்றுக்குக் கொடுத்த காசு மட்டும் எங்கள் தப்பு. ஐந்து பேர் ஐந்து மெயிலில் ஒன்றுக்கொன்று முரணாகத் திருத்தம் அனுப்பினோம். லோகோ பெரிதாக வேண்டும் என்று ஒருவர், சிறிதாக வேண்டும் என்று ஒருவர்.

எடுத்த மொத்தக் காட்சிகளும் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 100 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 100 மெகாபிட்) பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமராவுக்கும் சேர்த்து எங்களுக்கு 400 ஜிபி வந்தது. டிஸ்க் நாங்கள் வாங்கிக் கொடுத்தோம்.

பணம் 50, 30, 20 சதவீதமாகப் பிரித்துக் கொடுத்தோம். கடைசி 20 ஃபைனல் ஃபைல் கைக்கு வந்த பிறகு. அந்த 20 கையில் இருந்ததால்தான் பெயர்த் திருத்தத்தில் என் சத்தம் எடுபட்டது. முடிவில் செலவு, முதலில் போட்ட கணக்கைவிட 14 சதவீதம் கூடியது. எதிர்பாராத செலவுக்கென்று 10 சதவீதம் ஒதுக்கியிருந்ததால் மீதி 4 சதவீதத்துக்கு மட்டும் விளக்கம் எழுதினேன். அதில் பெரும் பங்கு ஓவர்டைம். எம்டி பேட்டிக்கு ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தோம். பேச வேண்டியதைத் திரையில் ஓட்டிக் காட்டும் டெலிபிராம்ப்டர் வேண்டாம், மனதிலிருந்து பேசுகிறேன் என்றார். மதியம் தாண்டியது.

பயிற்சி வீடியோவுக்கும் இவர்களிடமே கொட்டேஷன் கேட்டிருக்கிறேன். நெட்டுக்குத்தையும் இசை லைசென்ஸையும் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லிவிட்டேன். கூடவே ஒரு வரி: எம்டி பேட்டி, மூன்று மணி நேரம்.